இறக்கை மடக்கும் சிறு விமானத்தை டிரெய்லரில் கொண்டு போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டிப் பறக்கும் சிறு விமானங்களில், இறக்கை மடக்குவது என்றதும் பலர் சொல்லும் பெயர் கிட்ஃபாக்ஸ். ஐடஹோ மாநிலத்தில் பிறந்த இரண்டு இருக்கை விமானம் இது. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணிப் போர்வை, தலைக்கு மேல் இறக்கை. கீழே இருக்கும் பதில்கள் கிட்ஃபாக்ஸை மனதில் வைத்து எழுதியவை. அதன் உறவு விமானமான அவிட் ஃப்ளையருக்கும் அதே பாணியில் வந்த மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விமானத்துக்கு வானத்தைவிடச் சாலைதான் கடுமையான இடம். பறக்கும்போது எந்தத் திசையில் எவ்வளவு விசை வரும் என்று கணக்குப் போட்டுத்தான் இதைக் கட்டுகிறார்கள். டிரெய்லரில் வரும் விசைகள் அந்தக் கணக்கில் இல்லாத திசைகளில் வருகின்றன. பதில்கள் எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

இறக்கை எப்படி மடங்குகிறது?

ஒவ்வொரு இறக்கையிலும் முன்னும் பின்னுமாக இரண்டு நீளத் தண்டுகள் இருக்கின்றன. இரண்டும் விமானத்தின் உடலோடு இணைகின்றன. முன் தண்டை உடலோடு பிடித்திருக்கும் பின்னை (pin, கையால் உருவக்கூடிய உலோக ஆணி) உருவிவிட்டால், பின் தண்டின் இணைப்பு கீலாக மாறுகிறது. இறக்கை அதைச் சுற்றித் திரும்பி வாலை ஒட்டிப் போய் நிற்கும். கீழே தாங்கும் சாய்வுக் கம்பியைக் கழற்ற வேண்டியதில்லை. அதுவும் கூடவே திரும்பும். பழகிய இரண்டு பேருக்குப் பத்து நிமிட வேலை.

அந்தப் பின் இறுக்கமாக இருந்தால் சுத்தியல் எடுக்காதீர்கள். இறக்கை முனையில் நிற்பவர் கொஞ்சம் தூக்கியோ இறக்கியோ கொடுத்தால் சுமை விலகி அந்தப் பின் தானாகத் தளரும். காற்று அடிக்கும் நாளில் திறந்த வெளியில் மடக்கவே வேண்டாம். முன் தண்டின் பின்னை எடுத்த பிறகு, அந்த இறக்கையை நிலையாக வைத்திருப்பது முனையில் நிற்பவரின் கை மட்டும்தான்.

மடக்கிய பிறகு சாலை அகலத்துக்குள் அடங்குமா?

அடங்கும். விரித்த நிலையில் முனைக்கு முனை சுமார் 32 அடி. மடக்கினால் அகலம் 8 அடியை ஒட்டி, நீளம் 20 அடியை ஒட்டி. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகல வரம்பு 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. சில மாநிலங்களில் சிறு சாலைகளுக்கு 8 அடிதான் வரம்பு, அதனால் போகும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல், கட்டியவருக்குக் கட்டியவர் அளவு மாறும். டேப்பை எடுத்து உங்கள் விமானத்தையே அளந்துவிடுங்கள்.

அப்படியென்றால் ஹேங்கரே (விமானக் கொட்டகை) வேண்டாம், வீட்டில் நிறுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் இழுத்துப் போய்ப் பறக்கலாமே?

வாங்கும்போது பலரும் இந்தக் கனவோடுதான் வாங்குகிறார்கள். முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மணி நேரம் பறக்க வேண்டுமென்றால் ஏற்றி, கட்டி, ஓட்டிப் போய், இறக்கி, விரித்து, பார்த்து, பறந்து, மறுபடி அத்தனையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். கொஞ்ச நாளில் அலுப்புத் தட்டும். அலுப்பில் செய்யும் வேலையில்தான் ஒரு பின் விட்டுப்போகும். அதுதான் எனக்குப் பயம்.

மடக்கும் இறக்கையின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஹேங்கரை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளலாம். மற்ற விமானங்களுக்குப் பின்னால் ஒரு மூலையில் நிறுத்தலாம். குளிர்காலத்தில் வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவந்து பராமரிப்பு வேலை பார்க்கலாம். ராக்கி மலைகளுக்கு மேல் வானிலை சரியில்லாதபோது மலைக்கு அந்தப் பக்கம் வரை டிரெய்லரில் கொண்டு போகலாம். வருடத்தில் சில தடவை சாலைப் பயணம் என்றால் இது அருமையான வசதி. தினசரி வழக்கமாக ஆக்கிக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

மடக்கிய இறக்கைக்குச் சாலையில் என்னதான் ஆகிவிடும்?

இரண்டு விதமான தொல்லை. ஒன்று குலுக்கல், இன்னொன்று காற்று.

குலுக்கலை முதலில் பார்ப்போம். பறக்கும்போது இறக்கையை இரண்டு தண்டுகளும் சாய்வுக் கம்பியும் சேர்ந்து தாங்குகின்றன. மடக்கிய பிறகு முன் தண்டு எதிலும் இணைந்திருக்காது. பள்ளத்தில் டிரெய்லர் விழும் ஒவ்வொரு முறையும் இறக்கையின் முனை மேலும் கீழும் ஆட முயலும். அந்த ஆட்டம் முழுவதும் பின் தண்டின் ஒரே போல்ட்டுக்கும் சாய்வுக் கம்பியின் கீழ் இணைப்புக்கும் போய்ச் சேருகிறது. முனையைத் தாங்காமல் விட்டால் போல்ட் துளை மெல்ல நீள்வட்டமாகும். அது வெளியே தெரியாது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

எனவே இறக்கை முனைக்குத் தாங்கல் கட்டாயம். அதை எங்கே கொடுப்பது என்பதில் உரிமையாளர்களிடையே இரண்டு கட்சி உண்டு. இறக்கையை விமானத்தின் வால் பக்கத்தோடு ஒரு சட்டத்தால் இணைப்பவர்கள் ஒரு கட்சி. டிரெய்லரிலிருந்து ஒரு தொட்டில் எழுப்பி அதில் இறக்கையை உட்கார வைப்பவர்கள் இன்னொரு கட்சி. என் ஓட்டு முதலாவதற்கு. விமானம் தன் சக்கரங்களின் மேல் நிற்கிறது. டயரும் லேண்டிங் கியரும் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கால்கள்) கொஞ்சம் அமுங்கி எழும். இறக்கை உடலோடு இணைந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே அசையும். இறக்கை டிரெய்லரோடும் உடல் சக்கரத்தோடும் இருந்தால் இரண்டும் வேறு வேறு தாளத்தில் அசைந்து, நடுவில் இருக்கும் கீலை முறுக்கும். தொட்டில்தான் வேண்டுமென்றால் உடலையும் அசையாதபடி டிரெய்லரோடு தாங்கி நிறுத்த வேண்டும். பாதி இது, பாதி அது என்று செய்வதுதான் கெடுதல்.

இப்போது காற்று. கிட்ஃபாக்ஸ் மணிக்கு 40 மைலை ஒட்டிய வேகத்திலேயே காற்றில் நிற்கக்கூடிய விமானம். நெடுஞ்சாலையில் நீங்கள் 60 மைலில் போகிறீர்கள். அதாவது பறப்பதற்குத் தேவையானதைவிட அதிகக் காற்று அதன் மேல் அடிக்கிறது. இறக்கை மடங்கியிருப்பதால் முன்னாலிருந்து வரும் காற்று அதைத் தூக்காது. ஆனால் மடக்கிய நிலையில் இறக்கையின் முன் விளிம்பு வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது. பக்கவாட்டுக் காற்று அடித்தாலோ, எதிரே ஒரு பெரிய லாரி கடந்தாலோ, அந்தப் பக்கத்து இறக்கைக்கு அது நேர் எதிர்க்காற்று. அந்த இறக்கை அப்போது தன் வேலையைச் செய்யப் பார்க்கும்: மேலே எழும்பும். வெயிட்டே இல்லாத பொருள்தானே என்று ஒரு கயிற்றை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முனைத் தாங்கல் கீழ்நோக்கி மட்டும் தாங்கினால் போதாது. மேலே எழும்பாமலும் பிடிக்க வேண்டும்.

வால் பக்கத்துக் கிடைத்தகடு மடங்குவதில்லை. முன் நோக்கி ஏற்றினால் அது பறக்கும்போது பார்க்கும் அதே திசையைப் பார்த்துக்கொண்டு முழுக் காற்றையும் வாங்குகிறது.

மூக்கு முன்னாலா, வால் முன்னாலா?

முடிந்தால் மூக்கு முன்னால். காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று நினைத்துக் கட்டினார்களோ, அதே திசையிலிருந்து வருவது நல்லது. வாலை முன்னால் வைத்தால் வாலில் அசையும் பலகைகளான சுக்கானும் (இடவலம் திருப்புவது) எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்குவது) பின் விளிம்பில் காற்றை வாங்கும். பூட்டு விலகினால் அவை ஒரே அடியாக மறுபக்கம் போய் மோதும், கீல்கள் கெடும்.

மூக்கு முன்னால் வைத்தாலும் ஒரு விஷயம் உண்டு. மடக்கிய இறக்கையின் அடிப்பகுதி திறந்தபடி முன்னால் பார்த்து நிற்கும். அதற்குள் காற்று புகுந்தால் துணிப் போர்வை உள்ளிருந்து ஊதும். அளவாக வெட்டிய பலகையோ கெட்டியான மூடியோ போட்டு அடைத்துவிடுங்கள்.

எந்தத் திசையில் வைத்தாலும் சில வேலைகள் பொது. சுக்கானையும் எலிவேட்டரையும் வெளியிலிருந்தே பூட்ட வேண்டும். உள்ளே விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக்கை சீட் பெல்ட்டால் கட்டினால் அந்த ஆட்டம் முழுக்கக் கேபிள், கம்பி, இணைப்பு என்று போய்வரும். மேல்நோக்கித் திறக்கும் கதவுகளைத் தாழ்ப்பாளை மட்டும் நம்பி விடாமல் கட்டிவிடுங்கள். ப்ரொப்பெல்லரையும் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் காற்றில் சுழலும், எஞ்சினும் கூடவே சுற்றும். பல கிட்ஃபாக்ஸ்களில் இருக்கும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினை எதிர்த் திசையில் சுற்றவே கூடாது. எண்ணெய் ஓட்டத்துக்குள் காற்று நுழைந்துவிடும். வால் முன்னால் வைத்துப் போகிறவர்களுக்கு இது நிஜமான ஆபத்து.

திறந்த டிரெய்லர் போதுமா, மூடிய டிரெய்லர் வாங்கணுமா?

அரை மணி நேரத் தூரம் என்றால் திறந்த டிரெய்லர் போதும். மாநிலம் விட்டு மாநிலம் போகிறீர்கள் என்றால் மூடியது. மேலே சொன்ன காற்றுத் தொல்லை பெரும்பகுதி அதோடு தீர்ந்துவிடும். மழை, தூசி, முன் வண்டியின் டயர் எறியும் கல் எதுவும் படாது.

ஆனால் மூடிய டிரெய்லர் வாங்கும்போது வெளி அகலத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எட்டரை அடி டிரெய்லர் என்பார்கள். உள்ளே சுமார் எட்டு அடிதான் இருக்கும். அதிலும் டிரெய்லரின் சக்கரக் கூடுகள் இரண்டு பக்கமும் உள்ளே துருத்திக்கொண்டு நிற்கும். விமானத்தின் சக்கரங்கள் அந்தக் கூடுகளுக்கு நடுவே போகுமா, வாலின் கிடைத்தகடு பின்கதவுச் சட்டத்தில் இடிக்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். 24 அடி மூடிய டிரெய்லர் காலியாகவே விமானத்தைப் போலப் பல மடங்கு எடை இருக்கும். இழுக்கும் வண்டியைத் தேர்ந்தெடுக்க வைப்பது அந்த எடைதான்.

திறந்த டிரெய்லரில் போகிறவர்கள் தார்ப்பாய் போர்த்தி மூடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். தளர்வான துணி நெடுஞ்சாலை வேகத்தில் படபடவென்று அடித்துக்கொண்டே வரும். கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் கீறல் விழும். உடம்போடு ஒட்டித் தைத்த உறை இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் மூடாமலே போவது நல்லது.

டிரெய்லரின் ஸ்பிரிங் எப்படி இருக்க வேண்டும்?

மென்மையாக. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒற்றை அச்சு டிரெய்லரின் அச்சு 3,500 பவுண்டு தாங்கும்படி செய்தது. கிட்ஃபாக்ஸின் காலி எடையோ, பழைய மாடல்களில் 450 பவுண்டை ஒட்டி, சீரிஸ் 7 என்றால் 750 பவுண்டை ஒட்டி. இவ்வளவு லேசான பொருளுக்கு அந்த ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) என்றால் காலி மாட்டுவண்டி மாதிரி ஒவ்வொரு கல்லிலும் தூக்கிப்போடும். குறைந்த திறன் அச்சு, முடிந்தால் உள்ளே ரப்பர் வைத்து அதிர்வை வாங்கும் டார்ஷன் அச்சு போட்டுக்கொள்ளுங்கள். பணம் ஒன்றில்தான் போட முடியும் என்றால் பளபளப்பான டிரெய்லரைவிட இதில் போடச் சொல்வேன்.

ஸ்ட்ராப்பை எங்கே கட்டுவது?

பிரதான சக்கரங்களின் அச்சில் கட்டுங்கள். முன்னும் பின்னுமாக இழுத்து நான்கு ஸ்ட்ராப், சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் தளத்தில் போல்ட் போட்ட தடைக்கட்டை. வால் சக்கரத்துக்கு ஒரு சிறு பெட்டி அடித்து அதில் உட்காரவைத்துப் பட்டையால் கட்டலாம். இப்படிக் கட்டினால் டயர்களும் லேண்டிங் கியரும் தங்கள் வேலையைச் செய்து உடலுக்குப் போகும் அதிர்வைக் குறைக்கும்.

உடல் குழாய்களின் மேலோ சாய்வுக் கம்பியின் மேலோ ஸ்ட்ராப்பைப் போட்டு ராட்செட்டை (ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்கும் பல்சக்கரப் பிடி) இறுக்குவது கூடாது. ராட்செட்டுக்கு இருக்கும் பலம் கையில் தெரியாது. மெல்லிய குழாய் சத்தமில்லாமல் வளைந்துவிடும். கிளம்பிச் சில மைல் போனதும் ஒரு தடவை நிறுத்தி எல்லா ஸ்ட்ராப்பையும் தொட்டுப் பாருங்கள். முதல் தளர்வு அங்கேயேதான் வரும்.

ஏற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

இறக்கையை மடக்கியதும் எடை பின்னால் போய்விடுகிறது. வழக்கமாக ஒரு கையால் தூக்கும் வால் இப்போது கனக்கும். மூக்குச் சக்கரம் வைத்த மாடல் என்றால் வால் தரையில் உட்கார்ந்துவிடும், அதனால் வாலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டே மடக்குங்கள். தள்ளி ஏற்றுவதைவிட வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்து மெதுவாக இழுப்பது பாதுகாப்பு. ஒருவர் வின்ச்சில், ஒருவர் வாலில். ஏற்றும் சாய்வுப் பலகை (ரேம்ப்) எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பின்னால் ஆட ஆரம்பிக்கும். விமானத்தை முன்னே பின்னே நகர்த்திப் பார்த்து, சரியாக வந்ததும் தளத்தில் குறி போட்டுவிடுங்கள்.

பெட்ரோல் இருக்கலாமா?

இறக்கைத் தொட்டிகளை வடித்துவிடுங்கள். தொட்டிக்குச் சுமார் 13 கேலன் என்றால் ஒரு பக்கத்துக்கே 35 கிலோவுக்கு மேல். அவ்வளவையும் ஒற்றைக் கீலில் தொங்கவிட்டுக் குலுக்குவது தேவையில்லை. சொட்டுப் பெட்ரோல் பாலிகார்பனேட் கண்ணாடியில் பட்டால் வெடிப்புக் கோடுகள் விழும். மூடிய டிரெய்லருக்குள் ஆவி சேர்வதும் ஆபத்து.

டிரெய்லரே இல்லாமல், விமானத்தின் சொந்தச் சக்கரத்திலேயே இழுத்துப் போகலாமா?

பழைய காலத்தில் அப்படித்தான் போனார்கள். ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் வடிவமைத்த டிஎச்.60 மாத் 1925 பிப்ரவரியில் முதலில் பறந்தது. சாதாரண மக்கள் வாங்கிப் பறக்க வேண்டும் என்று செய்த விமானம் அது. இறக்கையை மடக்கி, காருக்குப் பின்னால் வாலைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்த ஆசைதான் 1983-இல் டீன் வில்சனின் அவிட் ஃப்ளையரிலும், அதில் பங்கெடுத்த டான் டென்னி அடுத்த ஆண்டு தனியாகக் கொண்டுவந்த கிட்ஃபாக்ஸிலும் தொடர்ந்தது.

ஆனால் 1925-இன் சாலை வேகம் வேறு. விமானச் சக்கரத்தின் பேரிங்கும் டயரும் ஓடுபாதையில் சில நிமிடம் ஓடுவதற்கானவை. விமான நிலையத்துக்குள், பக்கத்துத் தெரு வரை, நடை வேகத்தில் என்றால் சரி. அதற்கு மேல் டிரெய்லர்தான்.

எந்த வேகத்தில் ஓட்டுவது?

பல டிரெய்லர் டயர்களின் வேக வரம்பே 65 மைல்தான். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்ட வரம்பு 55. எனக்கு எந்த மாநிலத்திலும் 55-ஏ போதும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 55-இலிருந்து 70-க்குப் போனால் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

ஐடஹோவிலிருந்து கிழக்கே போகிறவர்கள் வயோமிங் வழியாக ஐ-80 சாலையில் போவார்கள். அங்கே காற்று பலமாக அடிக்கும் நாட்களில் உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடுவார்கள். லேசான விமானத்தை ஏற்றிய மூடிய டிரெய்லர் அந்த வகையில்தான் வரும். பலகையைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

அனுமதி, காப்பீடு?

அகல உயர வரம்புக்குள் இருந்தால் விமானத்தை ஏற்றிச் செல்வதற்கென்று தனி அனுமதி வேண்டாம். சாலையில் அது சரக்கு. டிரெய்லர் பிரேக் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காப்பீட்டில்தான் ஓட்டை இருக்கும். கார் காப்பீடு விமானத்தைச் சேர்க்காமல் இருக்கலாம், விமானக் காப்பீடு சாலைப் பயணத்தைச் சேர்க்காமல் இருக்கலாம். இரண்டு பேரிடமும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கிட்ஃபாக்ஸ் ஒன்று தூரத்தில் விலைக்கு வந்திருக்கிறது. பறந்து கொண்டுவரவா, ஏற்றிக்கொண்டு வரவா?

சொந்தமாகக் கட்டிய விமானம் பறக்க வேண்டுமென்றால் கடந்த 12 மாதத்துக்குள் அதன் நிலைப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் சிறப்புப் பறப்பு அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் டிரெய்லர். பல வருடம் கொட்டகையில் கிடந்த விமானம் என்றால் என் பதில் எப்போதும் டிரெய்லர்தான். தெரியாத எஞ்சினை நம்பி மலை தாண்டக் கூடாது.

மடக்கிக் கொண்டுவர வேண்டியதும் இல்லை. நீண்ட தூரம் என்றால் இறக்கைகளை முழுவதும் கழற்றி, முன் விளிம்பு கீழே இருக்கும்படி மெத்தை வைத்த தாங்கலில் நிறுத்திக் கொண்டுவருவது மிகப் பாதுகாப்பு. கீலுக்கு வேலையே இல்லை. எப்படியும் வந்ததும் பிரித்துப் பார்க்கப் போகிறீர்கள்.

போய்ச் சேர்ந்து விரித்த பிறகு என்னென்ன பார்ப்பது?

முதலில் பின்கள். 1960 ஆகஸ்ட்டில் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஒரு கடற்படை விமானி எஃப்-8 க்ரூசேடர் ஜெட்டின் இறக்கைகளை மடக்கிய நிலையிலேயே கிளப்பி, வானில் சுற்றி, பத்திரமாக இறங்கினார். அந்த ஜெட்டில் மடங்குவது இறக்கையின் வெளிப்பகுதி மட்டும். மீதி இறக்கை அவரைக் காப்பாற்றியது. கிட்ஃபாக்ஸில் மடங்குவது முழு இறக்கை. முன் தண்டின் பின் இல்லாமல் கிளம்பினால் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

எனவே முன் தண்டின் பின் உள்ளே முழுதாகப் போயிருக்கிறதா, அது வெளியே வராமல் தடுக்கும் சிறு பூட்டு போட்டாயிற்றா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கூட வந்தவரையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மடக்கும்போது கழற்றும் பின்கள் எல்லாவற்றையும் சிவப்பு நாடா கட்டி ஒரே பையில் போட்டு ஸ்டிக்கில் மாட்டிவைத்தால், பை காலியாகும் வரை யாரும் உட்கார முடியாது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஆரம்பத்திலிருந்து மறுபடி பாருங்கள்.

அப்புறம் ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமும் கடைசி வரை அசைத்து, அந்தந்தப் பலகை சரியான திசையில் அசைகிறதா என்று பாருங்கள். அசைகிறது என்பது மட்டும் போதாது, திசையும் சரியாக இருக்க வேண்டும். காற்று வேகமானியின் குழாய், விளக்குக் கம்பிகள், பெட்ரோல் குழாயில் மடிப்பு, வெளிப் பூட்டுகளை எடுத்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எலிவேட்டர் கீல்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். சாலையில் முதலில் தேய்வது அவைதான். சாய்வுக் கம்பியின் இரண்டு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் நிரப்பியதும் அடியிலிருந்து கொஞ்சம் வடித்துத் தண்ணீரோ குப்பையோ வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஓடுபாதை ஓரமாக மெதுவாக ஓட்டி, நிறுத்தி, இறங்கி, பின்களை இன்னொரு தடவை பாருங்கள்.

விமானம் பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறதா என்று முடிவு செய்யும் பொறுப்பை அமெரிக்க விமான விதி 91.7 விமானியிடமே கொடுக்கிறது. ஏற்றி இறக்கியவர் நண்பராக இருந்தாலும், மெக்கானிக்காக இருந்தாலும், கடைசியாகச் சுற்றிவந்து பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். அடுத்த வருடாந்திரப் பரிசோதனையில் பின் தண்டின் போல்ட்டுகளைக் கழற்றித் துளைகளை அளக்கச் சொல்லிப் பதிவேட்டில் குறித்துவையுங்கள்.